அடையும் தண்ணீரும்

சாக வேண்டும் என்று ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவைத்தான், கர்மேல் மலையில் ஜெயித்த எலியாவைவிட, எனக்கு அதிகம் பிடிக்கும். அவரைத் தேடி வந்த தூதன் விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார், தூங்க விட்டான். இரண்டாம் தடவையும் சாப்பாடுதான் கொடுத்தான்.

நம் சபைகளில் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுக்கிறோம். வேலை, விசா, பரீட்சை, குழந்தைப் பாக்கியம் எல்லாம் இருக்கும். 'வாழப் பிடிக்கவில்லை' என்று யாரும் எழுதுவதில்லை. எழுதினால் விசுவாசக் குறைவு என்பார்களே என்ற பயம்.

சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1935-இல் முதன்முதலாக நடத்திய அடக்க ஆராதனை ஒரு சிறுமிக்கு. மாதவிலக்கு வந்ததைக் கெட்ட நோய் என்று நினைத்து, கேட்க ஆளில்லாமல் உயிரை விட்டவள். அந்தப் பாரம் அவரை விடவில்லை. 1953-இல், தற்கொலை முயற்சி இங்கிலாந்தில் இன்னும் குற்றமாக இருந்த காலத்தில், லண்டன் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தார்கள். பலர் அவர்களிடமே மனதைக் கொட்டிவிட்டு, குருவானவரைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள். அதைக் கவனித்த வாரா, அடுத்த ஆண்டே கேட்கும் ஊழியத்தை அந்தத் தொண்டர்கள் கையில் கொடுத்துவிட்டார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு அப்படி வளர்ந்தது. அழைக்கிறவர்மேல் மதத்தைத் திணிக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பு. இதைவிடப் பெரிய சுவிசேஷ ஊழியம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. கொழும்பில் 1974-இல் தொடங்கிய சுமித்ரயோவும் சென்னையில் 1986-இல் தொடங்கிய ஸ்நேகாவும் அதே வழியில் வந்தவை.

என் கணவர் இறந்த வருஷம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கர்த்தருடைய சித்தம் என்று சொன்னார்கள். அடுத்த தெருச் சித்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் முருங்கைக்கீரையோடு வருவார். சுளகைத் தரையில் வைத்து இரண்டு பேரும் ஆய்வோம். "ராத்திரி உறக்கம் வந்துச்சாட்டி?" என்பார். அவ்வளவுதான். ஒருநாள் கீரையைப் பார்த்துக்கொண்டே, செத்துப்போனால் நல்லது என்று தோன்றுவதைச் சொல்லிவிட்டேன். சித்தி பதறவில்லை, வசனமும் சொல்லவில்லை. "எப்ப இருந்துட்டி இப்படித் தோணுது?" என்று கேட்டார். இருட்டும்வரை பேசினேன். அப்புறம் என் பெயரைச் சொல்லி, நாலே வார்த்தையில் ஜெபித்தார். மறுநாள் மனநல மருத்துவரிடம் பஸ்ஸில் கூடவே வந்தார்.

இயேசு என்னைக் கைவிடவில்லை என்று நான் இன்று சாட்சி சொல்லும்போது அந்த பஸ் பயணத்தையும் மாத்திரைகளையும் சேர்த்தே சொல்கிறேன். சாட்சி முடிந்ததும் பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். யாராவது வருகிறார்கள். போன மாதம் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து, மாத்திரை சாப்பிடுவது பாவமா ஆன்ட்டி என்று கேட்டாள்.