ஐந்து சாவிகளில் மூன்று

ஜூன் 8, 2025, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து வந்து சேரும்போது இருட்டிவிட்டது. தூறல். அம்மா திண்ணையோரம் நனைந்துகொண்டு நிற்கிறாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள் அரை மணி நேரமாகப் பெரிய கதவோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

“அது அப்படித்தான் கண்ணு. சாவியக் கொஞ்சம் வெளிய இழுத்துப் புடிச்சு, கதவத் தோளால தள்ளி, அப்புறம் திருப்போணும்.”

அந்தப் பக்குவம் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இன்று அவளுக்கே அது கைகொடுக்கவில்லை. நான் முயன்று ஏழாவது தடவை திறந்தது.

அப்பாரு, அதாவது தாத்தா, கட்டிய வீடு. பொள்ளாச்சிப் பக்கம் ஆனைமலை போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தென்னைக்கு நடுவே தனியாக நிற்கிறது. அப்பா போன பிறகு அம்மா இங்கே ஒற்றை ஆள், வயது 78. 2024 நவம்பரில் பல்லடம் பக்கமும் இந்த மே மாதம் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் இருந்த வயதானவர்களைக் கொன்றுபோட்ட செய்தி வந்ததிலிருந்து எனக்கு இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை. திருட்டுப் பயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மா மாசாணியம்மன் கோயிலைச் சொல்வாள். களவு போனால் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வரலாம் என்பாள். பொருள் போனால் அரைத்துப் பூசலாம். அம்மா போனால் நான் என்ன செய்வேன்?

இன்று வேறொரு பயமும் சேர்ந்துகொண்டது. இந்தப் பூட்டை உள்ளே இருந்து திறக்கவும் சாவி வேண்டும். ராத்திரி சிலிண்டர் கசிந்தால், மேல் ஓட்டில் தீப்பிடித்தால், அந்த இருட்டில் அம்மா ஏழு தடவை முயல முடியுமா?

ஜூன் 9, திங்கள்

ஆசாரி வந்தார். பூட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லி முடிக்கும் முன்பே கதவை விரியத் திறந்து, திறந்த நிலையிலேயே சாவியைப் போட்டுத் திருப்பினார். தாழ் வெளியே வந்தது, உள்ளே போனது. முக்கால்வாசி இடைஞ்சலைக் காணவில்லை.

“கதவ மொதல்ல பாருங்கம்மிணி. பூட்டு மேல அப்புறம் பழி போடலாம்.”

திறந்து வைத்தால் திரும்பி, சாத்தினால் மறுக்கிற பூட்டுக்கு நோய் கதவில் இருக்கிறது. மேல் கீல் தளர்ந்து கதவு ஒரு நூல் இறங்கியிருந்தது. வாசல் நிலவில் தாழ் நுழையும் ஓட்டையின் கீழ் விளிம்பு உரசி உரசிப் பளபளவென்று கிடந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும் இந்த மாதங்களில் மரமும் ஊதிக்கொள்ளும். திருகாணி ஓட்டைகளில் தேக்குச் சீவலை அடைத்து, நீளமான திருகாணி போட்டுக் கீலை ஏற்றினார். தோளால் தள்ளும் வேலை அதோடு ஒழிந்தது.

ஆனாலும் சாவி உள்ளே தொளதொளவென்று ஆடியது. சில சமயம் பாதியில் நின்றது. அது பூட்டின் சொந்த நோய். துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தால் கருப்பாக ஒரு பிசின். பொள்ளாச்சிக்கு வந்த எந்தப் பூட்டுக்கும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து. வருடக்கணக்காக ஊற்றியிருக்கிறோம். எண்ணெய் தூசியோடு சேர்ந்து கெட்டிப்படும்; மார்கழிக் குளிரில் தானே உறையும். பென்சில் கரியைப் பொடித்துப் போட்டிருந்தால் போதும் என்றார் ஆசாரி. கிராஃபைட் வழுக்கும், ஒட்டாது.

ஜூன் 10, செவ்வாய்

சாவிக் கணக்கு எடுத்தோம். இன்றைய நாளில் இதுதான் முக்கியமான வேலை.

பூட்டோடு வந்தவை இரண்டு, அப்பா பின்னால் வெட்டியவை மூன்று என்று அம்மாவுக்கு ஞாபகம். அம்மாவிடம் ஒன்று, அண்ணனிடம் ஒன்று, விளக்கு மாடத்தில் ஒன்று. மற்ற இரண்டும்? அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது யாரோ துணி எடுத்துவர வந்தார்கள். அதற்கும் முன்பு பக்கத்து அறையில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. மோட்டார் போட வந்தவருக்கு ஒரு தடவை கொடுத்தது.

“ஆரையுஞ் சந்தேகப்படாத கண்ணு. எல்லாரும் நம்ம சனம்.”

யார் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு சாவி எங்கே என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். நல்லவர் கையில் இருந்த சாவி அவர் வீட்டு மேசையிலிருந்து வேறு யார் கைக்கும் போகலாம். பூட்டு நேற்று வாங்கியதாக இருந்தாலும் இந்தக் கணக்கு இடித்தால் மாற்றியாக வேண்டும் என்று தோன்றியது. அறுபது வயதுப் பூட்டாக இருந்தாலும் கணக்கு சரியாக இருந்து, சாவி சுகமாகத் திரும்பினால் நான் தொடமாட்டேன்.

மாடத்துச் சாவியைப் பற்றி அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அங்கே வைப்பது அப்பாவின் வழக்கம். ஊருக்கே தெரியும்.

ஜூன் 12, வியாழன்

பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, நாதாங்கியில் ஒரு தொங்குபூட்டைப் போட்டுவிட்டு, திருச்செந்தூர் ரயிலில் ஏறினேன். உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல். அப்பாருவும் இந்தப் பூட்டை அங்கிருந்துதான் வாங்கி வந்தார்.

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்டாங்கிச் சேலைக்கும் அப்போதுதான். ஆனால் நான் போன பட்டறையில் இருந்தவர்கள் இரண்டே பேர், இருவருக்கும் நரைத்த தலை. அலிகாரிலிருந்து வரும் மெஷின் பூட்டின் விலைக்குக் கையால் அராவிய பூட்டை விற்க முடியாது; பையன்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. மாங்காய்ப் பூட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார் பெரியவர். அந்தக் கனம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. இந்த வேலை நம் கண் முன்னால் தேய்ந்துபோகிறதே என்ற வருத்தத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

எங்கள் பூட்டைப் பிரித்தார். உள்ளே பித்தளை லீவர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு வில். சாவியின் ஒவ்வொரு பல்லும் தன் லீவரைக் குறித்த உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் தாழ் நகராது. ஒரு வில் ஒடிந்திருந்தது. லீவர்களின் அடிப்பக்கம் குழிந்திருந்தது. அம்மாவின் சாவியை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது தேஞ்ச சாவியப் பாத்து வெட்டுன சாவி” என்றார். தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுத்திருக்கிறோம்.

லீவர்களை மாற்றிப் புதுச் சாவி அராவிக் கொடுக்கிறேன் என்றார். பழைய ஐந்தில் ஒன்றும் அப்புறம் சேராது. பூட்டை எறியாமலே மாற்ற முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. செய்யச் சொன்னேன். ஆனால் பெரிய கதவுக்கு இது திரும்பப் போகாது. அம்மாவுக்கு உள்ளே இருந்து சாவியில்லாமல் குமிழைத் திருப்பித் திறக்கிற பூட்டுதான் வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

பொள்ளாச்சிக் கடைவீதியில் வாங்கிய புதுப் பூட்டை ஆசாரி பொருத்தினார். பூட்டைவிட நிலவில் பதிக்கும் இரும்புத் தகட்டுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். 1851இல் லண்டன் பொருட்காட்சியின்போது, யாராலும் திறக்க முடியாது என்று பெயரெடுத்த பிரமா பூட்டை ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்து காட்டினார். பல நாளாகப் பிரித்து 51 மணி நேரம் உழைத்தார் என்று படித்திருக்கிறேன். இங்கே வருகிறவன் பூட்டோடு உட்கார்ந்திருக்க மாட்டான். கடப்பாரையை விட்டு நிலவை நெம்புவான். ஆகவே மூன்று அங்குலத் திருகாணிகள், மரத்தைத் துளைத்துச் சுவர் வரைக்கும்.

திண்டுக்கல்லில் சீராகி வரும் பழைய பூட்டு பின்பக்கப் பொடக்காளியில் தேங்காய் போடும் அறைக்கு.

புதுப் பூட்டுக்குச் சாவி மூன்று. ஒன்று எனக்கு, ஒன்று அண்ணனுக்கு. காலண்டரின் பின்பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதி வைத்தேன். மூன்றாவதை அம்மா வாங்கிக்கொண்டு நேரே விளக்கு மாடத்துக்குப் போனாள். கை அங்கேயே சற்று நேரம் நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

மாடத்திலிருந்த அப்பாவின் பழைய சாவியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். புதியதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு கதவைச் சாத்தி, குமிழைத் திருப்பித் திருப்பி நாலு தடவை திறந்து பார்த்தாள்.