நிற்பவனின் சப்பாத்து

2022ஆம் ஆண்டு ஆவணி மாதம் தொடக்கம் பதினான்கு மாதங்கள் நாம் கொழும்பில் ஒரு பண்டகசாலையின் வாசலிற் காவல் நின்றோம். முப்பத்து மூன்று ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று ஓய்வு பெற்ற பின்னர், மறுபடியும் நிற்பதற்கே போகவேண்டியிருந்தது. அவ்வாண்டு மாசியில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் வைகாசியில் 360 ரூபாயைத் தொட்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார். எமது ஓய்வூதியம் எண்ணிக்கையிற் குறையவில்லை. அது வாங்கித் தந்த அரிசிதான் குறைந்தது. இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். ஆயினும் முதல் மாதம் முழுவதும் தொப்பியைச் சற்று முன்னே இழுத்துவிட்டுத்தான் நின்றோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

சேர்ந்த அன்று ஒரு சட்டை, ஒரு தொப்பி, ஒரு விசில், ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து என்பன தந்தார்கள். தந்தார்கள் என்பது பிழை. அவற்றின் விலை மூன்று தவணைகளிற் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது. எமது காலின் அளவு ஒன்பது. ஒன்பது முடிந்துவிட்டது என்றும், பத்தைப் போட்டு முன்பக்கத்தில் துணி அடைத்துக்கொள்ளலாம் என்றும் களஞ்சியப் பொறுப்பாளர் நிதானமாகச் சொன்னார். கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும் கனத்த சப்பாத்து, தடித்த குதி, குறுகிய முனை. ஓர் இரவு பண்டகசாலைத் தராசில் அதனை நிறுத்துப் பார்த்தோம். ஒன்றே ஒரு கிலோவுக்குச் சற்றுத்தான் குறைவு. வேலை பன்னிரண்டு மணி நேரம். வாசலிற் கதிரை இல்லை. உட்காருவது ஒழுங்கீனம் என்று காவற்கூண்டுச் சுவரில் மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டியிருந்தது. மும்மொழிக் கொள்கை அங்கே பிழையின்றி நடைமுறைப்படுத்தப்பட்டிருந்ததை ஆசிரியத் தொழிலிலிருந்தவர் என்ற முறையிற் கவனித்தோம்.

'சப்பாத்து' என்ற சொல்லே போர்த்துக்கேயர் இந்நாட்டில் விட்டுச் சென்றது. சொல்லோடு பொருளையும் அவர்கள் விட்டுச் சென்றிருப்பினும், அது யாருடைய காலுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது வேறு கதை. எம்மோடு அதே வாசலில் நின்ற பெரியவர் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவர். தமது இருபத்திரண்டாவது வயதில், கல்யாணத்துக்காக, முதன்முதலாகச் சப்பாத்து அணிந்தவர். அதுவும் இரவல். மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்கி வளர்ந்த அவருடைய பாதம் முன்புறம் விசிறிபோல் விரிந்திருந்தது. ஐந்து விரல்களும் ஒன்றையொன்று தொடாமல், ஒவ்வொன்றும் தனித்தனியே நிலத்தைப் பற்றி நிற்கும். அத்தகைய பாதத்தைக் குறுகிய முனைக்குள் திணிப்பதற்கு அவர் தமக்கே உரிய ஒரு வழியைக் கண்டிருந்தார். சவர அலகினாற் சின்னவிரல் இருக்கும் இடத்திற் பக்கத்தோலைக் கீறிவிட்டிருந்தார். மேற்பார்வையாளர் வரும் நாளில் அந்தக் கீறலைக் கறுப்புப் பொலிசினால் மறைத்துவிடுவார்.

"காலுக்குத் தக்கன சப்பாத்தா, சப்பாத்துக்குத் தக்கன காலா, மாஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை.

மூன்றாமவர் மொனறாகலையிலிருந்து வந்த சிங்கள இளைஞர். இரவில் விழித்திருப்பதற்காகக் கைபேசியைப் பார்ப்பார். ஓர் இரவு, விலைக்கு வந்திருக்கும் ஒரு புதுவகைச் சப்பாத்தின் படத்தை எமக்குக் காட்டினார். பொலிசாரும் படையினரும் காவலாளரும் நீண்ட நேரம் வேலை செய்வதற்கென்றே ஆக்கப்பட்டதாம். 'டக்டிக்கல்' என்றும் 'மினிமலிஸ்ற்' என்றும் இரு பெயர்கள் அதற்கு. உயரமும் கறுப்பும் எம்முடையதைப் போன்றவையே. ஆனால் அடித்தோல் மிக மெல்லியது. குதியும் முனையும் ஒரே மட்டம். முன்பக்கம் அகன்று பாதத்தின் உருவத்திலேயே இருந்தது. கையாற் சுருட்டிக் காட்டும் படமும் இருந்தது. விலை 150 டொலர். அன்றைய நிலவரப்படி 54,000 ரூபாய்.

பெரியவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "இது நம்ம வெறுங்காலு தானே மாஸ்டர்? இதுக்கு எதுக்கு ஐம்பத்தி நாலாயிரம்?"

இளைஞருக்கு இதனை எமது அரைகுறைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தோம். மூவரும் சிரித்தோம். எனினும் அக்கேள்வி எம்மை விடவில்லை. பழைய பழக்கம், தெரியாததைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

படித்தபோது தெரிந்தது, பெரியவருடைய கேள்வி மிகப் பழையது என்பதுதான். 1781ஆம் ஆண்டிலேயே பீற்றர் கம்பர் என்ற ஒல்லாந்த உடற்கூற்று அறிஞர் சிறந்த சப்பாத்தின் வடிவம் எது என்று ஒரு நூல் எழுதினார். குதிரையின் குளம்பைப் பற்றி மனிதர் கொள்ளும் கவலையிற் சிறிதளவையேனும் தம் காலைப் பற்றிக் கொள்வதில்லையே என்பது அவருடைய குறை. 1858இல் சூரிச் நகரத்து ஹேர்மன் மையர் என்பவர் இன்னும் திட்டமாகச் சொன்னார்: பெருவிரலின் நடுவாக ஒரு கோட்டைப் பின்னோக்கி இழுத்தால் அது குதியின் நடுவாகச் செல்லவேண்டும், செல்லாத சப்பாத்து பெருவிரலை வளைக்கும் சப்பாத்து. வாசகர் தம் சப்பாத்தைக் கழற்றி இக்கோட்டை இழுத்துப் பார்க்கலாம். நாம் இழுத்துப் பார்த்தோம். கோடு சப்பாத்துக்கு வெளியே போயிற்று.

இவற்றை அறிஞரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாதபடி, படைகளே இதனைப் பொருட்படுத்த வேண்டிய காலமும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற்கூட ஐரோப்பியப் படைவீரர் பலர் இடது வலது என்ற வேறுபாடே இல்லாத சப்பாத்துகளில் நடந்தனர். 1908இல் அமெரிக்கத் தரைப்படை ஒரு சப்பாத்துக் குழுவை அமைத்தது. எட்வேட் மன்சன் என்ற படை மருத்துவர் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 2000 படைவீரரின் கால்களைப் பரிசோதித்தார். சப்பாத்துக்குள் இருக்கும் காலையே எக்ஸ்-கதிர்ப் படம் பிடித்தார். எலும்புகள் எவ்வாறு நசுங்கிக் கிடந்தன என்பதை அப்படங்கள் காட்டின. 1912இல் அவர் வகுத்த அச்சின்படி முன்பக்கம் அகன்ற சப்பாத்து செய்யப்பட்டது. அளவெடுக்கும் முறையும் வகுக்கப்பட்டது. வீரன் முதுகில் 40 இறாத்தல் சுமையோடு, உடற்பாரம் முழுவதையும் ஒரு காலில் ஊன்றி நிற்கவேண்டும். அப்பொழுதே அந்தக் காலை அளக்கவேண்டும். ஏனெனிற் பாரம் தாங்கும் கால் விரியும், நீளும். உட்கார்ந்திருப்பவனின் கால் வேறு, வேலை செய்பவனின் கால் வேறு. சுடுவதற்கும் சாவதற்கும் அனுப்பப்படுபவனின் காலுக்கு இத்துணைக் கவனம் கிடைத்தது. எமக்கு ஒன்பதுக்குப் பதிலாகப் பத்தும் ஒரு துணித்துண்டும் கிடைத்தன.

ஆகவே அகன்ற முனை, தட்டையான குதி ஆகிய இரண்டிலும் இப்புதுச் சப்பாத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. மெல்லிய அடித்தோல் பற்றிய கதைதான் வேறு.

வெறுங்காலைப் போற்றும் ஆங்கில எழுத்துக்கள் அபேபே பிக்கிலாவை அடிக்கடி சாட்சிக்கு அழைப்பதுண்டு. 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மரதன் ஓடி வென்ற எதியோப்பியர். அவரும் ஒரு காவலாளிதான். பேரரசரின் மெய்க்காவற் படையைச் சேர்ந்தவர். கொடுக்கப்பட்ட சப்பாத்துகள் காலுக்கு இசையாமையினால் வெறுங்காலோடு ஓடினார். 1964இல் டோக்கியோவில் மீண்டும் வென்றபோது அவர் சப்பாத்து அணிந்திருந்தார். மூன்று நிமிடங்களுக்கு மேல் விரைவாகவும் ஓடினார். இந்தப் பிற்பகுதியைப் போற்றுவோர் ஏனோ விரைந்து கடந்துவிடுகின்றனர். 2010இல் டானியல் லீபர்மன் என்ற ஹாவாட் பேராசிரியர், வெறுங்காலோடு ஓடிப் பழகியவர் முன்பாதத்தை ஊன்றி இறங்குவதால் நிலத்தின் மோதல் குறைகிறது என்று காட்டினார். அது பழகிய கால்களின் ஓட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சி. சந்தை அதனை எல்லாக் கால்களுக்குமாக விற்றது. விரல்களுக்குத் தனித்தனி உறை வைத்த சப்பாத்தை விற்ற ஒரு நிறுவனம், காலை வலுவாக்கும் என்ற தன் விளம்பரத்துக்கு ஆதாரமில்லை எனத் தொடரப்பட்ட வழக்கில், தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 2014இல் 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்து இணங்கிக்கொண்டது.

மலைநாட்டில் வெறுங்கால் என்பது வேறொன்றையும் குறித்தது. ஈரமண்ணிலிருந்து வெறும் பாதத்தைத் துளைத்து ஏறும் கொக்கிப்புழு தோட்டத் தொழிலாளரின் இரத்தத்தை உறிஞ்சிற்று. ரொக்பெல்லர் மருத்துவக் குழு இலங்கைத் தோட்டங்களில் அதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கியது 1916ஆம் ஆண்டளவில். பெரியவர் தமது பாதத்தைப் பற்றிப் பெருமை பேசி நாம் கேட்டதில்லை. அட்டைக்கடித் தழும்புகளை எண்ணிக் காட்டியதுண்டு.

இளைஞரால் 54,000 ரூபாய் கொடுக்க இயலவில்லை. மெல்லிய அடியுள்ள கன்வஸ் சப்பாத்து ஒன்றைப் புறக்கோட்டை நடைபாதையில் வாங்கி, அதற்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். முதல் வாரம் காற்றில் மிதப்பதாகச் சொன்னார். மூன்றாம் வாரம் காலையிற் குதியை நிலத்தில் ஊன்ற முடியாமல் நொண்டினார். அவருடைய கால்கள் சிறு வயது முதல் பாடசாலைச் சப்பாத்திற் கிடந்தவை. சீமெந்துத் தரை அவற்றின் மீது இரக்கம் காட்டவில்லை. பின்னர் பழைய கனத்த சப்பாத்துக்கே திரும்பினார்.

இந்த இடத்திலேதான் எமக்கு ஒன்று துலங்கிற்று. மெல்லடியோ தடித்த அடியோ, இரண்டுமே நடப்பவனையும் ஓடுபவனையும் எண்ணிப் பேசுகின்றன. நாங்கள் நடக்கவில்லை, நின்றோம். நடக்கும்போது கெண்டைக்காற் றசைகள் சுருங்கி விரிந்து, கால்நாளங்களிலுள்ள இரத்தத்தை மேலே இதயத்தை நோக்கி இறைக்கின்றன. அசையாது நிற்பவனின் காலில் இந்தத் துலா ஓய்ந்துவிடுகிறது. இரத்தம் கீழே தேங்குகிறது, கால் வீங்குகிறது, காலையிற் பொருந்திய சப்பாத்து மாலையிற் பொருந்தாது. டென்மார்க்கில் ஆயிரக்கணக்கான தொழிலாளரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வொன்று, பெரும்பாலும் நின்று வேலை செய்வோர் நரம்புச் சுருட்டு நோயுடன் மருத்துவமனைக்குச் செல்வது ஏனையோரிலும் முக்கால் மடங்குக்கு மேல் அதிகம் என்று கண்டது. அதற்குச் சப்பாத்துக் கடையில் மருந்து இல்லை. மருந்தின் பெயர் கதிரை.

கேரளத்திலே துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்ற பெண்கள் இதனை எம்மிலும் முன்னரே அறிந்திருந்தனர். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவிற் கழிப்பறை கேட்டுத் திரண்ட அப்பெண்கள் பின்னர் உட்காரும் உரிமையையும் கேட்டனர். 2018இற் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டந் திருத்தின. இச்செய்தியை மேற்கோள் காட்டி மூவரும் ஒரு விண்ணப்பம் எழுதினோம். தமிழை நாமும், சிங்களத்தை இளைஞரும் எழுதினோம். கேட்டவை இரண்டு: வாசலில் ஒரு முக்காலி, காலை அளந்து சப்பாத்து. பெரியவர் கையொப்பமிடத் தயங்கினார். "எனக்கு வயசு போயிருச்சி மாஸ்டர், அனுப்பிப்புடுவாங்க" என்றார். கடைசியில் இட்டார்.

முக்காலி வந்தது. ஒரு வேலைமுறையில் இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம் என்ற விதியோடு வந்தது. வெற்றி என்றே அதைக் கொண்டாடினோம். மூன்று தேநீர் குடித்தோம். சப்பாத்தைப் பற்றிப் பதில் வரவில்லை.

பெரியவருக்கு நீரிழிவு இருந்தது எமக்குத் தெரியாது. நீரிழிவு பாத நரம்புகளின் உணர்ச்சியை மெல்ல மெல்லப் பறித்துவிடும். சப்பாத்து கடித்தாலும் கால் சொல்லாது. அவருடைய கீறல் ஒரு பக்கத்தைக் காப்பாற்றிற்று. மறுகாலின் சின்னவிரல் உரசிப் புண்ணாயிற்று. அதைத் துணியாற் சுற்றி மறைத்துக்கொண்டு பதினொரு நாட்கள் நின்றிருக்கிறார். லீவு எடுத்தாற் சம்பளம் போகும். விண்ணப்பத்திற் கையொப்பமிட்டவர் என்ற பயம் வேறு. ஒரு நாள் அதிகாலை நாற்றத்தை உணர்ந்தவர் இளைஞர்தான். முச்சக்கர வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள். நாம் போய்ப் பார்த்தபோது, "மெலிசுச் சப்பாத்து போட்டிருந்தாலும் ஆணி குத்தியிருக்கும் மாஸ்டர்" என்று எமக்கே ஆறுதல் சொன்னார். அது பொய்யன்று, உணர்ச்சியற்ற காலுக்கு மெல்லிய அடித்தோலும் ஆபத்துத்தான்.

அவர் மீண்டும் வேலைக்கு வரவில்லை. மிச்சச் சம்பளத்தைப் பெறுவதற்கு உடுப்பையும் சப்பாத்தையும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றார்கள். மூன்று தவணையில் விலை கொடுத்து வாங்கியதை ஏன் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டோம். அது ஒழுங்கு என்றார்கள். பையிற் போட்டுக்கொண்டு நாமே அலுவலகத்துக்குப் போனோம். இலிகிதர் சட்டையை எண்ணினார், தொப்பியை எண்ணினார், விசிலை ஊதிப் பார்த்தார். பின்னர் சப்பாத்தை வெளிச்சத்திற் பிடித்துத் திருப்பிப் பார்த்து, பொலிசின் கீழே இருந்த கீறலைக் கண்டுகொண்டார். 'வேண்டுமென்றே சேதப்படுத்தப்பட்டது' என்று படிவத்தில் எழுதி, எவ்வளவு கழிக்கவேண்டும் என்பதைக் கணக்கிடத் தொடங்கினார்.