கறுப்புப் புகை

என் காப்புகளை விற்றுத்தான் அந்தப் பழைய பிரைம்மூவரை வாங்கினோம். கடுகண்ணாவ ஏற்றத்தில் இழுவை விழும். கறுப்புப் புகை கக்கும். “எண்ணெய் எரிந்தால் நீலப் புகை. இது டீசலுக்குக் காற்றுப் போதாத புகை” என்று, லொறி ஓட்டிப் பழகிய வாப்பா அன்றே சொன்னார். யார் கேட்டது? இன்ஜெக்டர்களை இருமுறை மாற்றினோம். வெறும் வண்டி ஒழுங்காக ஓடும். கொள்கலன் ஏறினால் பழைய கதைதான். கராஜில் நிற்கும்போது எந்தக் குறையும் தெரியாது.

கடைசியில் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் றப்பர் குழாயைக் கழற்றி, இருமுனையையும் அடைத்துக் காற்றேற்றி, என் சவர்க்கார நுரையைத் தடவினார்கள். கிளிப்புக்குக் கீழே நக அளவு வெடிப்பு! சுமை இழுக்கையில் காற்றழுத்தம் கூடும்போதுதான் அது விரியுமாம்.

புதுக் குழாய் போட்டதும் புகைப் பரிசோதனையிலும் தேறிவிட்டது. இன்ஜெக்டருக்குப் போன காசை நினைத்தால்தான் வயிறெரிகிறது. காப்புகளைப் பற்றி இவர் இன்னும் பேச்செடுக்கவில்லை.