இருபது நிமிடத் தூக்கம்

மாலை ஏழு மணிக்கு அந்தப் படிப்புக் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறியது தசைவலித் தைலத்தின் வாசனை. அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். முழங்காலில் ஐஸ் பை கட்டிய மாணவி ஒருத்தி வேதியியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த மேசையில் ஆறரை அடி உயரப் பையன், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே தூங்கிப்போயிருந்தான். மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடி இவர்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்த பெண்மணியைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன். விளையாட்டுத் துறையின் கல்வி ஆலோசகர் அவர்.

பையனை அவர் எழுப்பவில்லை. விடியுமுன்பே உடற்பயிற்சிக்குப் போனவனாம். இருபது நிமிடம் தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ சங்கத்தின் விதிப்படி பருவகாலத்தில் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு போட்டி எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரம்தான் கணக்கு. பேருந்திலும் விமானத்திலும் கழியும் நேரம் கணக்கிலேயே வராது. எழுதிய 20க்கும் உழைக்கும் நேரத்துக்கும் இடையே இருக்கும் இடைவெளியில்தான் ஆலோசகரின் வேலை நடக்கிறது.

அவருடைய திரையில் வண்ண வண்ணக் கட்டங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று எண்கள்: 40, 60, 80. சங்கத்தின் மேல்நிலையான முதல் டிவிஷனில், பள்ளி முடித்து நேராகச் சேர்ந்தவர்களுக்கு 2003 முதல் உள்ள விதி இது. இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டு முடிவுகளில் பட்டப் பாடங்களில் அத்தனை சதவீதம் தேறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் களமிறங்க முடியாது. கேட்க நல்ல விதிதான். ஆனால் ஒரு மாணவிக்கு மூன்றாம் ஆண்டில் செவிலியர் படிப்பின் மேல் ஆசை வந்தால்? அதுவரை எழுதித் தேறிய பாடங்கள் பல புதிய பட்டத்துக்குச் செல்லாது, சதவீதம் சரியும். மருத்துவமனைப் பயிற்சியோ அணியின் பயிற்சி நேரத்தோடு மோதும். மாறாதே என்று சொன்னால் ஆட்டம் பிழைக்கும். மாறு என்றால் பயிற்சியாளரின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநரல்ல, ஒரு கல்லூரிப் பயிற்சியாளர்தான். ஆலோசகரின் திறமை எல்லாம் முதல் ஆண்டிலேயே அந்த ஆசையைப் பேச்சுக்கொடுத்து வெளியே வரவழைப்பதில் இருக்கிறது.

அதைக் கேட்க ஆளில்லாத காலமும் இருந்தது. கெவின் ராஸ் 1978 முதல் 1982 வரை கிரைட்டன் பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடினார். வெளியே வந்தபோது அவருடைய மொழித்திறன் நான்காம் வகுப்பு அளவில் இருந்ததாக வழக்கில் முறையிட்டார். பிறகு சிகாகோவில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார். ஆலோசகர்கள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பதினெட்டு ஆண்டுகள், வகுப்பே நடக்காத பாடங்களில் 3,100க்கும் மேற்பட்டவர்கள் மதிப்பெண் வாங்கியதை 2014இல் வெளியான வைன்ஸ்டைன் அறிக்கை காட்டியது. விளையாட்டு மாணவர்களை அங்கே அனுப்பியவர்களில் ஆலோசகர்களும் உண்டு. ஆலோசகர் விளையாட்டுத் துறைக்குக் கட்டுப்பட்டவரா, கல்வித் துறைக்கா என்பது வெறும் அலுவலகச் சண்டை அல்ல.

மற்றபடி சில்லறை வேலைகள்தான் அதிகம். பருவத் தொடக்கத்தில் பேராசிரியர்களுக்குப் பயணக் கடிதம். அணியோடு போய் ஓட்டல் அறையில் தேர்வு மேற்பார்வை. 2024இல் லாஸ் ஏஞ்சலிஸின் யூசிஎல்ஏ ‘பிக் டென்’ குழுவில் சேர்ந்தபின், நியூ ஜெர்சிவரை லீக் ஆட்டம். ஊரில் காலை ஒன்பது மணித் தேர்வு என்றால் அங்கே நண்பகல்.

சோற்றிலும் விதி இருந்தது. ஒரு காலத்தில் சிற்றுண்டியாகப் பேகல் ரொட்டி கொடுக்கலாம். கிரீம் சீஸ் தடவினால் குற்றம். உணவுக்கு இருந்த வரம்பை நீக்க முடிவானது 2014 ஏப்ரலில்தான். அந்தப் பருவத்தில் கூடைப்பந்துக் கோப்பை வென்ற கனெக்டிகட் அணியின் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மேசையை விரலால் தட்டினார். பையன் விழித்ததும் முதலில் தேடியது சாப்பாட்டுப் பெட்டியை. அவர் அதை அவன் பக்கம் தள்ளி வைத்து, கூடவே புள்ளியியல் புத்தகத்தையும் விரித்து வைத்தார்.