ஜீரோ வாங்கினா பாஸ்!

பரீட்சையில ஜீரோ வாங்கினா வீட்டுல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஆனா, ஷெல்லுக்கு ஜீரோதான் ஃபர்ஸ்ட் கிளாஸ்! கொடுத்த வேலையை ஒழுங்கா முடிச்ச கமாண்ட், கிளம்பும்போது 0-ன்னு சொல்லிட்டுப் போகும். வேற நம்பர் வந்தா, நினைச்சது நடக்கலைன்னு அர்த்தம். இதுக்கு 'எக்ஸிட் கோட்'னு பேரு.

இந்த ஜீரோவால ஈமேக்ஸ் எடிட்டர்ல ஒரு சுவாரஸ்யம் நடந்துச்சு. அதுக்குள்ள இருக்கிற 'ஆர்க் மோட்', கார்ஸ்டன் டொமினிக்ங்கிற வானியல் விஞ்ஞானி 2003-ல ஆரம்பிச்சது. ஷெல்லை மட்டும் ஒரு தடவை ஆன் பண்ணி வெச்சுட்டா போதும். நோட்ஸுக்கு நடுவுல ஷெல் கோட் பிளாக் போட்டு, கன்ட்ரோல்-சி ரெண்டு தடவை அழுத்தினா, ரிசல்ட் கீழேயே வந்து உட்காரும். லேப் ரெக்கார்டு எழுதுற நமக்கு வேற என்ன வேணும்?

சரி, ரிசல்ட்னா எது? எல்லா மொழிக்கும் ஆர்க் மோட் வெச்சிருக்கிற பொது விதி 'வேல்யூ'. அதாவது, கோட் கடைசியா தர்ற மதிப்பு. ஷெல்லுக்கு அது எக்ஸிட் கோட்தான். 'எல்எஸ்' அடிச்சு ஃபைல் லிஸ்ட் கேட்டா, பதிலுக்கு 0 வந்து நின்னா கடுப்பாகுமா, ஆகாதா? அதனால, 2020-ல வந்த 9.4 வெர்ஷன்ல ஷெல்லுக்குன்னு தனி செட்டிங் கொடுத்தாங்க. நீங்க எதுவும் சொல்லலைன்னா, கமாண்டோட அவுட்புட்தான் ரிசல்ட். வேண்டாம்னா செட்டிங்கை 'நில்'னு மாத்திக்கலாம். நில்னா நின்னுடும், நம்ம தமிழ் மாதிரியே!

இங்கதான் சிக்கலே. நாலு பேர் சேர்ந்து பண்ற ப்ராஜெக்ட். ஒருத்தர் தன்னோட ஈமேக்ஸ்ல அதை 'நில்'னு மாத்தி வெச்சிருக்கார். ஃபைல் மெயில்ல போகும், செட்டிங் போகாது. ஒரே ஃபைல், அவர்கிட்ட 0, உங்ககிட்ட முழு லிஸ்ட். வைவா அன்னிக்கு யார் முழிக்கிறது? அதனால, பிளாக்கோட முதல் வரியிலேயே 'ரிசல்ட்ஸ் அவுட்புட்'னு எழுதிடுங்க. ஃபைல் முழுக்க வேணும்னா, மேலே ஒரு ப்ராப்பர்ட்டி வரி போதும். அது ஃபைலோடயே ஊர் சுத்தும்.

இன்னொண்ணு... பிளாக்கை ரன் பண்றதுக்கு முன்னாடி ஆர்க் மோட் 'பண்ணவா?'ன்னு கேட்கும். தொல்லைன்னு அதை மொத்தமா ஆஃப் பண்ணிடாதீங்க பாஸ். யாரோ அனுப்பின ஃபைல்ல, அழிக்கிற கமாண்டான 'ஆர்எம்' ஒளிஞ்சிருந்தா, உங்க செமஸ்டர் உழைப்பே காலி.

அப்பவும் ஷெல் சமர்த்தா 0-ன்னுதான் சொல்லும்!