சிப்காட்டுக்கு அப்பால்

ஜனவரி 4, ஞாயிறு. ஓசூர் மலைக்கோயில்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாங்கள் பெங்களூரைக் காட்டுவது வழக்கம். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி லால்பாக், விதான சௌதா. இரவு திரும்பி வந்து படுக்கை. ஓசூர் என்றால் கம்பெனி, ஷிஃப்ட், வாடகை வீடு. பார்க்க இங்கே ஒன்றுமில்லை என்ற எண்ணம் பிழைக்க வந்த எங்கள் எல்லோருக்கும் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் பொய் என்பதை இந்த மாதத்து விடுமுறைகளில் சுற்றிப் பார்த்து எழுதிவைக்கப் போகிறேன்.

இன்று சந்திரசூடேஸ்வரர் மலை. சிவன் உடும்பாக வந்து இந்த மலையில் மறைந்தார், தேடி வந்த அம்மை மரகதாம்பிகை ஆனாள் என்பது தல புராணம். கல்வெட்டுகளில் ஊரின் பெயர் செவிடபாடி. சோழரும் ஒய்சளரும் அடுத்தடுத்து இந்த மண்ணை ஆண்டதற்குக் கல்லே சாட்சி. பிராகாரத்தில் எனக்கு முன்னால் நின்ற குடும்பம் தெலுங்கில் பேசியது. அர்ச்சனைச் சீட்டு வாங்கியவர் கன்னடத்தில் கேட்டுத் தமிழில் நன்றி சொன்னார். மேலிருந்து பார்த்தால் சிப்காட் தொழிற்பேட்டை ஷெட்டுகளின் கூரைகள் வெயிலில் மின்னுகின்றன. சிப்காட் வந்தது 1970களில். கோயிலின் வயதோடு ஒப்பிட்டால் நேற்று வந்த பிள்ளை அது. இரண்டும் இங்கே அமைந்ததற்கு ஒரே காரணம்தான்: இது எல்லை. இரு நாட்டுப் பாதைகள் சந்திக்கும் இடத்தில் அரசர்கள் கோயிலும் கோட்டையும் கட்டினார்கள். நம் காலம் தொழிற்சாலை கட்டுகிறது.

ஜனவரி 11, ஞாயிறு. மல்லச்சந்திரம்

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து கிராமம், பிறகு பாறை. செருப்பு வழுக்கும் ஏற்றம். மேலே ஏறியதும் பேச்சு நின்றுவிட்டது. மலைமுதுகு முழுக்கக் கற்திட்டைகள். நான்கு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே பெரிய மூடுகல் ஏற்றி, ஒரு பக்கத்துக் கல்லில் வட்டமாக ஒரு துளை விட்டிருக்கிறார்கள். சில திட்டைகளைச் சுற்றி வளைந்த தலையுள்ள பலகைகளை வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். செத்தவர்களுக்காக எழுப்பிய வீடுகள். இப்படிப்பட்டவற்றைப் பாண்டவர் வீடு என்று சொல்லும் ஊர்கள் தமிழகத்தில் நிறைய.

என்னுடன் வந்தவர் எங்கள் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் டை செட்டர். துளையின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இரும்பு உளி இல்லாம இவ்ளோ வட்டமா வராது" என்றார். அவர் சொன்னதை யோசித்துக்கொண்டே இறங்கினேன். இதே மாவட்டத்தில், பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. நாலாயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்பைப் பழக்கிய மண். இன்றைக்கு இந்த மாவட்டத்தில் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கைக்கடிகாரத்துக்கும் உலோகம் வெட்டுகிறோம். புதிய தொழிலுக்கு வந்துவிட்டதாக இதுவரை நினைத்திருந்தேன். பழைய தொழிலின் கடைசி வரிசையில் நிற்கிறோம்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல், வீட்டில்

பொங்கல் வைத்து முடித்த பிறகு படித்தது ருமேனியாவின் சிபியு நகரத்தைப் பற்றி. திரான்சில்வேனியாவில் ஜெர்மன் குடியேறிகள் எழுப்பிய மதில் நகரம் அது. துருக்கியர் படையெடுப்புக்கு அஞ்சி மதிலுக்கு மேல் மதில் கட்டியிருக்கிறார்கள். கோட்டைத் தெருவில் இன்றும் மூன்று கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன: தச்சர் கோபுரம், குயவர் கோபுரம், துப்பாக்கிக்காரர் கோபுரம். அந்தந்தத் தொழிலாளர் சங்கமே தன் கோபுரத்தைப் பழுதுபார்க்க வேண்டும், சண்டை வந்தால் அதில் ஏறி நிற்கவும் வேண்டும். 2007இல் அந்த ஊர் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியது. அதே ஊரின் ஓரத்தில் இன்று கார் உதிரிபாகத் தொழிற்சாலைகள் ஓடுகின்றன. அதுவும் ஒரு காலத்தில் எல்லை ஊர், ஓசூரைப் போலவே தொழில். ஆனால் பயணிகள் அந்த ஊருக்கென்றே போகிறார்கள். நம் ஊரைக் கடந்து போகிறார்கள். அங்கே ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு தொழில் பொறுப்பேற்றது. மனம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல், கிருஷ்ணகிரி

விடியற்காலையில் கோட்டை. ஊர் மக்களுக்கு இது சையத் பாஷா மலை, உச்சியில் தர்கா. விஜயநகர காலத்தில் எழுந்து, ஹைதர், திப்பு கையில் வலுப்பெற்ற கோட்டை. பாறையின் சரிவையே மதிலாக்கி, பாறை இல்லாத இடைவெளியை மட்டும் கல்லால் அடைத்திருக்கிறார்கள். பாரமகால் என்ற இந்தச் சீமையின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்று. 1791 ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் ஆங்கிலேயரிடம் விழுந்தன. அதே ஆண்டு நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் ராத்திரியில் ஏணியோடு கிருஷ்ணகிரிக்கு வந்தார். மேலிருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் போராடிவிட்டுப் படை திரும்பிப்போனது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் காகிதத்தில்தான் இந்தக் கோட்டை கைமாறியது. பாறை உருட்டியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. மதிலோரம் நின்று கீழே பார்த்தபோது, அவர்களை நினைக்க எனக்குத் தொண்டை அடைத்தது.

மதியம் கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணை. காணும் பொங்கல் என்பதால் மாவட்டமே அங்கே இருந்தது: புளிச்சோறு, வறுத்த மீன், ராட்டினம். தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய இந்த 52 அடி அணையைக் காமராஜர் 1957 நவம்பர் 10ஆம் தேதி திறந்துவைத்தார். 2017இல் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் பாய்ந்தோடியதையும் பிறகு மதகுகள் மாற்றப்பட்டதையும் மக்கள் மறக்கவில்லை. பராமரிப்பு என்றால் என்ன என்பதை ஒரு மதகு கற்றுக்கொடுத்துவிட்டது. அணை உடைந்தால் வயல் காயும், உடனே தெரியும். கோட்டை இடிந்தால் யார் வயலும் காயாது. அதனால்தான் யாரும் ஓடிவருவதில்லை.

ஜனவரி 18, ஞாயிறு. சின்னகொத்தூர்

இந்தச் சிற்றூர் ஒரு காலத்தில் தலைநகர். பெயர் குந்தாணி. ஒய்சள மன்னன் சோமேசுவரன் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் நாட்டை இரு மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தான். தமிழ்நாட்டுப் பகுதி ராமநாதனுக்கு. பாண்டியர் எழுச்சியில் ஸ்ரீரங்கத்துக்கு அருகிலிருந்த கண்ணனூரை இழந்த ராமநாதன், குந்தாணிக்கு வந்து ஆண்டான். அந்தச் சண்டைக் காலத்தின் கணக்கு நடுகற்களாக இங்கே நிற்கிறது. அடியில் வாளோடு வீரன். நடுவில் அவனைத் தேவமகளிர் தூக்கிச் செல்கிறார்கள். மேலே அவன் சிவலோகத்தில். ஒரு கல்லில் வீரனின் முகம் தேய்ந்துவிட்டது, கையிலிருக்கும் வாள் மட்டும் தேயவில்லை.

வழி காட்டிய பாட்டி, "கல்லு மேல உக்காராதப்பா, அது சாமி" என்றார். அரசு பாதுகாக்க வேண்டியதை அந்தச் சொல்தான் இத்தனை நூற்றாண்டு பாதுகாத்திருக்கிறது. ஊருக்கு நேரில் வர முடியாதவர்கள் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்க்கலாம். ஆனால் வீரன் விழுந்த மண்ணில் அந்தக் கல்லைப் பார்ப்பது வேறு.

ஜனவரி 26, திங்கள். தொரப்பள்ளி

குடியரசு நாளில் தொரப்பள்ளிக்குப் போக வேண்டும் என்று முன்பே நினைத்திருந்தேன். 1878 டிசம்பர் 10ஆம் தேதி ராஜாஜி பிறந்த ஊர். 1950இல் இதே நாளில்தான் கவர்னர் ஜெனரல் பதவி முடிவுக்கு வந்தது. அதில் கடைசியாக இருந்தவர், இருந்த ஒரே இந்தியர், இந்தத் தெருவின் பிள்ளை. நினைவில்லமாகிவிட்ட அந்த வீட்டின் அளவைப் பார்த்தால் ஒரு நாட்டின் தலைமைக்கு இங்கிருந்து போன தூரம் புரியும்.

திரும்பும்போது ஓசூரில் பிரெட் துரை மாளிகை இருந்த பக்கம் போனோம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையைப் பார்த்துக் கட்டியது. சிதைந்து போனது. கோயிலைப் பக்தியும் நடுகல்லைச் சாமி என்ற சொல்லும் காப்பாற்றின. மாளிகைக்கு அப்படி யாரும் இல்லை.

இவற்றையெல்லாம் காப்பது யார் பொறுப்பு என்பதற்கு எனக்கு இப்போது விடை இருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைக் காப்பதும் அந்தப் பணிகளின் பட்டியலில் இருக்கிறது. ஓசூரில் அத்தனை கம்பெனிகள். ஒன்றுக்கு ஒரு சின்னம் என்று எடுத்துக்கொண்டால் போதும்: மல்லச்சந்திரத்துக்கு ஒரு நல்ல பாதை, சின்னகொத்தூருக்குத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரு விளக்கப் பலகை, கோட்டைக்குக் கழிப்பறையும் குடிநீரும். கல்லில் கைவைக்கும் வேலையைத் தொல்லியல் துறை செய்யட்டும். அதற்கு வெளியே உள்ளதெல்லாம் நம்மால் முடியும். சிபியுவின் தச்சனும் குயவனும் செய்ததைத்தான் சொல்கிறேன்.

நாளை எங்கள் கம்பெனி நலக் கமிட்டிக்கு மனு எழுதுகிறேன். ஆண்டுச் சுற்றுலாப் பேருந்து இந்த முறை ஊட்டிக்குப் போக வேண்டாம். சின்னகொத்தூருக்கும் மல்லச்சந்திரத்துக்கும் கிருஷ்ணகிரிக் கோட்டைக்கும் போகட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து எங்களோடு வேலை செய்கிறவர்களும் ஏறட்டும். வேலை கொடுத்த ஊருக்கு ஒரு வரலாறும் உண்டு என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கும் உண்டு.