வயது ஏற ஏறச் சிவக்கும் ஓங்கில்

ஹாங்காங்கின் மேற்குக் கோடியில், லண்டாவ் தீவின் முனையில் இருக்கிறது டாய் ஓ என்ற மீனவர் ஊர். துங் சுங் வரை ரயில், அங்கிருந்து மலை ஏறி இறங்கும் பேருந்து. இறங்கியதும் கருவாட்டு வாசனை வந்தது. கூடவே இறாலை அரைத்துப் புளிக்கவைத்த வாடையும். கடலூர் முதுநகரில் வளர்ந்த எனக்கு அதன்பின் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. கழிமுகச் சேற்றில் கால்கள் நட்டு, அவற்றின்மேல் தகர வீடுகள். கரையோரம் அலையாத்திச் செடிகள்.

துங் சுங்கில் குடியிருக்கும் அக்கா மகன்தான் ஓங்கில் (டால்பின்) பார்க்கக் கூட்டிவந்திருந்தான். “சில நாள் ஒண்ணுகூடத் தெரியாது மாமா, ரொம்ப எதிர்பார்க்காதீங்க” என்று சொல்லித்தான் படகில் ஏற்றினான்.

சீனாவின் பேர்ல் நதி கடலில் கலக்கும் இடம் அது. கொள்ளிடம் கடலைச் சேரும் பக்கம் போனவர்களுக்கு அந்தத் தண்ணீர் பழக்கமானதாகவே இருக்கும். பழுப்பாக, ஒரு முழத்துக்குக் கீழே எதுவும் தெரியாமல் இருந்தது. அந்தப் பழுப்பிலிருந்து ஒரு முதுகு எழுந்தது. இளஞ்சிவப்பு. படங்களில் பார்த்திருக்கிறேன்; படத்துக்குச் சாயம் கூட்டியிருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். கூட்டவில்லை. அடுத்த முறை படகுக்குப் பக்கத்திலேயே எழுந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டது. விலாப்புறம் வெண்மை, தொண்டையும் வயிறும் ரோஜா நிறம், முதுகுத் துடுப்பு அதைவிட ஆழ்ந்த சிவப்பு. தலைக்குப் பின்னால் ஏழெட்டுச் சாம்பல் புள்ளிகள். துடுப்பின் பின்விளிம்பில் ஒரு வெட்டு. கண் மட்டும் நல்ல கறுப்பு.

படகிலிருந்த ஒருவர், இறால் தின்று தின்று இந்த நிறம் வந்ததாகச் சொன்னார். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். கோடியக்கரைக்கு வரும் பூநாரைக்கு அது பொருந்தும். பாசியிலும் சிறு இறாலிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள்தான் அதன் இறகுக்குச் சிவப்பூட்டுகின்றன. ஓங்கிலின் கதை வேறு. இது பெரும்பாலும் மீன் தின்னும் பிராணி. கடலூர் துறைமுகத்தில் கூடை கூடையாக இறங்கும் கத்தாளையின் உறவுகளும் நெத்திலி வகைகளும்தான் இதற்கு முக்கியத் தீனி. அதில் சாயம் ஏதும் இல்லை.

அந்தச் சிவப்பு ரத்தம். இருட்டில் டார்ச் விளக்கைக் கையால் பொத்தினால் விரலிடுக்கில் ஒரு சிவப்பு தெரியுமே, ஏறக்குறைய அதுதான். எல்லா ஓங்கில்களுக்கும் தோலுக்கு அடியில் கெட்டியான கொழுப்பு உண்டு. உடல் சூட்டை அது காக்கும். ஆனால் விரட்டி மீன் பிடிக்கும்போதும், வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் திரியும்போதும் சூட்டை வெளியேற்றியாக வேண்டும். அப்போது தோலை ஒட்டிய நுண்குழாய்கள் விரிந்து ரத்தம் மேலே வருகிறது. ஆழ்கடல் ஓங்கிலுக்கும் இதே ஏற்பாடு இருக்கிறது; அதன் கருந்தோலை மீறி நிறம் வெளியே தெரிவதில்லை. இந்த இனத்துக்கு அந்தத் திரை விலகிவிடுகிறது.

என்னை அசரவைத்தது அது விலகும் விதம். குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், கருஞ்சாம்பல் நிறம். வளர வளரச் சாம்பல் வெளிறும். பிறகு புள்ளிகளாக உடையும். அந்தப் புள்ளிகளும் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகக் குறையும். வளர்ந்த விலங்குகளில்தான் இந்த வெண்மையையும் அதன்மேல் படரும் ரத்தச் சிவப்பையும் முழுதாகப் பார்க்கலாம். பிறவியிலேயே நிறமி இல்லாத வெளிறல் வேறு சங்கதி. அமெரிக்காவின் லூசியானாவில் ஓர் உப்பேரியில் 2007இல் தென்பட்ட இளஞ்சிவப்பு ஓங்கில் அந்த வகை. அதற்குக் கண்ணும் சிவப்பு. அமேசானின் நன்னீர் ஓங்கில்களோ, பேர்ல் நதி ஓங்கில்களைப் போலவே சாம்பலாகப் பிறந்து பிறகு சிவக்கின்றன. எதற்காக இந்தக் கழிமுக ஓங்கில்களில் நிறமி கைவிடப்படுகிறது? கலங்கிய நீரில், பெரிய சுறாக்கள் அதிகம் வராத கழிமுகத்தில், மறைந்து வாழும் தேவை குறைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முடிவான விடை இன்னும் வரவில்லை.

இந்த விலங்குக்கு அறிவியல் பெயர் வந்த கதையில் எங்கள் பரங்கிப்பேட்டைக்கும் ஒரு மூலை இருக்கிறது. சுவீடனின் கிழக்கிந்தியக் கம்பெனி 1731இல் தொடங்கியது. 1733இல் அதன் கப்பல் ஒன்று பரங்கிப்பேட்டைக்கு வந்து பண்டகசாலை போட்டது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள், இதற்கு மட்டும் கைகோத்து அதைத் தாக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனி தன் வியாபாரத்தைப் பெரும்பாலும் சீனத்துக் காண்டன் துறைமுகத்தோடு வைத்துக்கொண்டது. 1751இல் அங்கே போன அதன் கப்பலொன்றில் பாதிரியாராக இருந்தவர் பெர் ஓஸ்பெக், தாவர அறிஞர் லின்னேயஸின் மாணவர். பேர்ல் நதியில் கப்பலைச் சுற்றிப் புரண்ட பனிவெள்ளை ஓங்கில்களைக் கண்டு குறிப்பெழுதினார். ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை, அறுத்துப் பார்க்கவில்லை. கண்ணால் கண்டதைக் கொண்டே அவர் இட்ட ‘சைனென்சிஸ்’ என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. வெள்ளாற்றுக் கரையில் அந்தப் பண்டகசாலை நின்றிருந்தால் ஓஸ்பெக் எங்கள் கழிமுகத்துக்கு வந்து என்ன எழுதியிருப்பாரோ!

படகு இன்னும் ஒரு வட்டம் போட்டது. மூன்று முதுகுகள் தெரிந்தன, மூன்றும் சிவப்பு. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகுதான் உறைத்தது. சிவப்பு என்றால் வயதானது. சாம்பல் குட்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஹாங்காங் எல்லைக்குட்பட்ட நீரில் 2003இல் 188 ஓங்கில்கள் என்று மதிப்பிட்டார்கள்; 2018இல் அது 32. 1997இல் சீனாவோடு இணைந்தபோது விழாச் சின்னமாக வைத்துக் கொண்டாடியதும் இதே விலங்கைத்தான். ஆனால் ஹாங்காங் விமான நிலையமே பெரும்பகுதி இந்தக் கடலைத் தூர்த்துக் கட்டியது. மூன்றாவது ஓடுபாதைக்காக மேலும் 650 ஹெக்டேர் தூர்த்தார்கள். 55 கிலோமீட்டர் நீளப் பாலமும் சுரங்கமும் இதே கழிமுகத்தைக் கடக்கின்றன. கலங்கிய நீரில் ஓசையால் வழியறியும் பிராணிக்கு, ஹாங்காங்குக்கும் மக்காவுக்கும் இடையே நாள் முழுதும் சீறிப்பாயும் படகுகள் எவ்வளவு பெரிய தொல்லை! 2015இல் படகின் விசிறி கிழித்த காயத்தோடு ஒன்று கிடைத்தது. நம்பிக்கை என்று பொருள்படப் பெயர் வைத்துப் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. 2020இல் கொரோனாவால் மக்காவ் படகுகள் நின்றபோது, அந்தப் பாதைக்கு ஓங்கில்கள் திரும்பி வந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். செய்ய வேண்டியது என்ன என்பதை அந்தச் சில மாதங்களே காட்டிவிட்டன.

நம் கடலிலும் இந்தக் குடும்பம் உண்டு. முதுகில் நீண்ட திமில், அதன்மேல் சிறிய துடுப்பு, ஈய நிறம். மலபார்க் கரையில் கிடைத்ததை வைத்து 1829இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே பெயரிட்டார். 1866இல் ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன், மதராஸ் அதிகாரி வால்டர் எலியட் விசாகப்பட்டினத்திலிருந்து அனுப்பியதைப் பார்த்துப் புள்ளி விழுந்த இன்னொன்றுக்குப் பெயர் வைத்தார். புள்ளி! டாய் ஓவில் நான் பார்த்த புள்ளிகள் உடனே நினைவுக்கு வந்தன. மேற்கே ஈயநிற இனம், தென்கிழக்கு ஆசியாவிலும் சீனாவிலும் சிவக்கும் இனம். இரண்டும் வங்கக் கடலில் எங்கே பிரிகின்றன என்பது இன்னும் தீராத கேள்வி. வங்கதேசக் கரையின் ஓங்கில்கள் இரண்டிலிருந்தும் மரபணுவில் விலகிய தனிக் கிளை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் கொள்ளிடத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் இடையே உள்ளவை எந்தப் பக்கம்?

ஊர் திரும்பியதும் முடசல் ஓடையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். “திமிலு வச்சதா? பாத்திருக்கோம்ண்ணே. கரைய ஒட்டியே போவும். கெழடு தட்டினதுக்கு முதுகு நுனி வெளுத்துக் கெடக்கும்” என்றார் ஒருவர். அவர் கையிலிருந்த செல்போனிலேயே நல்ல கேமரா இருந்தது. டாய் ஓவில் ஒவ்வொரு ஓங்கிலையும் அடையாளம் வைத்திருப்பது துடுப்பின் வெட்டையும் புள்ளியையும் படமெடுத்துத்தான். அடுத்த தடவை கண்ணில் பட்டால் முதுகையும் துடுப்பையும் பக்கவாட்டில் எடுத்து, தேதியும் இடமும் குறித்து வைக்கச் சொன்னேன். பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. படங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வெள்ளாற்றைத் தாண்டினால் போதும்.